அமரர் தணிகாசலத்துக்கு வந்த தபால்

பூ வைக்கப் பத்தரைக்கு மேல் நல்ல நேரம் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். இசைவாணி விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்தாள். குளித்துவிட்டு வந்து அவள் செய்த முதல் காரியம் அலங்காரம் அல்ல. கூடத்து அலமாரியில் அடுக்கியிருந்த கவர்களை எல்லாம் வாரி ஒரு கட்டைப்பையில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தால் அந்த அலமாரிதான் எதிரே தெரியும். கண் தெரியாத பிள்ளைகளும், தட்டு ஏந்திய கிழவர்களும், எலும்பு தெரியும் பசுக்களும் கவர்களின் மேல் அச்சாகி நின்று கூடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக அவர்கள் முன்னால் பூ வைத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

“அப்பா பாத்தா கத்துவாருடி” என்றாள் அம்மா அம்சவல்லி, அடுப்படியிலிருந்து.

“இன்னிக்கி ஒரு நாளு கத்தாம இருக்கச் சொல்லு.”

இந்தக் கவர்கள் எப்படி வந்தன என்பது ஊருக்கே தெரிந்த கதை. பிள்ளைப்பாக்கத்தில் இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போன சமயம், தணிகாசலத்தின் கையில் பணம் இருந்தது. மாடி கட்டி, கம்பெனிக்கு வரும் தெக்கத்திப் பையன்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டார். அப்போது ஓர் அநாதை இல்லத்திலிருந்து வந்து நன்கொடை கேட்டார்கள், கொடுத்தார். அடுத்த வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ‘வள்ளல் தணிகாசலம் ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கிய கடிதம். அதைப் படித்த நிமிஷத்தில் மனிதர் விழுந்துவிட்டார். பெயர் ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், அங்கிருந்து மற்றொன்றுக்குப் போய், இன்று தபால்காரர் பாண்டுரங்கன் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் வண்டியை நிறுத்துவதே இல்லை.

ஒவ்வொரு கவருக்குள்ளும் குங்குமமோ விபூதியோ மடித்து வைத்திருப்பார்கள். சாமி பிரசாதம் வீட்டுக்குள் வந்துவிட்டால் குப்பையில் போட முடியுமா? வெறும் கையோடு விடத்தான் முடியுமா? ஏதாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பது தணிகாசலத்தின் சட்டம். அனுப்பினால் நன்றி சொல்லி ஒரு கவர் வரும். அதற்குள்ளும் குங்குமம் இருக்கும்.

இசைவாணி ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் கீறல் தேடிப் பழகிய கண். ஒரு நாள் மூன்று கவர்களை அப்பா முன்னால் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் ஒரே சிறுமி, அதே ரெட்டைச் சடை, அதே உடைந்த பல். ஒன்றில் பெயர் மாரிசெல்வி, அடுத்ததில் லீலா, மூன்றாவதில் பெயரே இல்லை.

“அநாதைக் கொழந்தைய சந்தேகப்படறியே, நீயெல்லாம் பொண்ணா?” என்றார் தணிகாசலம்.

அவர் தன் மகளிடம் முழுசாகப் பேசிய வாக்கியங்களில் அதுவும் ஒன்று. மற்றபடி வீட்டில் அவளுக்குக் கிடைப்பது “உம்” தான். மாரிசெல்விக்கு மட்டும் இரவில் கண்ணாடி போட்டுக்கொண்டு, “அன்பு மகளே” என்று கோடு போட்ட தாளில் பதில் எழுதுவார்.

மேல்மாடியில் குடியிருந்த அருள்பாண்டியை அவள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், அவர் மாதக்கணக்கில் பேச்சையே நிறுத்தியதும், அம்மா அழுது கரைத்ததும் தனிக் கதை. போன வாரம்தான் ஒரு வழியாகத் தலையை ஆட்டினார். ஆட்டியதும் சும்மா இல்லை.

“தாரை வார்த்துக் குடுக்கறேன். அதோட சரி. அதுக்கு மேல என்கிட்ட ஒரு குந்துமணி எதிர்பாக்காத.”

அன்று சாயங்காலமே ஏழைப் பெண் ஒருத்தியின் தாலிக்கு என்று ஓர் இல்லத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்தார். முகம் தெரியாத பெண். அந்த ரசீதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டதை இசைவாணி கண்ணால் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று அறுந்தே போயிற்று.

மறுநாள் பாண்டுரங்கனைத் தெருமுனையில் மடக்கினாள்.

“இத்த நிறுத்த வழியே இல்லியாண்ணா?”

“ஏன் இல்ல? வாங்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவோம். ஆனா பேருக்கு உரியவரு சொல்லணும்மா. நீ சொன்னா ஆவாது.”

பிறகு கவரில் இருந்த நம்பருக்கே போன் போட்டாள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். எதிர்முனையில் ஒரு பெண், தேன் தடவிய குரல்.

“லிஸ்ட்ல இருந்து எடுக்கணும்னா டோனரே கூப்பிட்டுச் சொல்லணும் மேடம்.”

“அவரு சொல்லமாட்டாரு.”

“அப்போ எங்களால எடுக்க முடியாது மேடம். டோனர் காலமாயிட்டா மட்டும் வாரிசு சொன்னாப் போதும்.”

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. யோசிக்க நேரமில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். யோசிக்க நேரம் இருந்தது.

“அப்போ எங்கப்பா செத்துட்டாரு. எடுத்துடுங்க.”

சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கக்கூடச் செய்தாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு இடங்களுக்கு அதே வார்த்தையைச் சொன்னாள், இன்னும் சுலபமாக.

சரி, இன்றைய நாளுக்கு வருவோம்.

பத்து மணிக்கெல்லாம் அருள்பாண்டியின் அம்மா இசக்கியம்மாள் வேனில் வந்து இறங்கினாள். கூடவே நெல்லைச் சீமையிலிருந்து பத்துப் பன்னிரண்டு உறவினர்கள். வாசலில் சின்னப் பந்தல், கூடத்தில் ஜமுக்காளம், நடுவில் ஏற்றிய குத்துவிளக்கு. அதன் முன்னால் தட்டுகள்: பூப்பந்து, பழம், வெற்றிலை, அரக்குப் பட்டு.

“பொண்ணப் பாக்கத்தான் ராவெல்லாம் ஒக்காந்து வாரோம். எங்க, காட்ட மாட்டியளா?” என்று இசக்கியம்மாள் சிரித்தாள்.

தணிகாசலம் சலவை வேட்டியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். திருப்பதியில் மொட்டை போட்டு வந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் தலை வெள்ளை முள்ளாக இருந்தது, மீசையும் இல்லை. நாலு பேர் “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டதில் அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியிருந்தது. தாரை வார்ப்பது பற்றித் தானாகவே பேச்சு எடுத்தார்.

“எங்க பக்கம் தகப்பன் கையாலதான் தண்ணி வுடணும். அது மட்டும் நான் செய்வேன்.”

அறைக்குள் கதவிடுக்கில் நின்ற இசைவாணிக்கு அது கேட்டது. ‘அது மட்டும்’ என்று சொன்னாலும் சொன்னாரே என்று கண் நிறைந்தது. இந்த ஒரு நாள் நல்லபடியாக முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் பந்தல் ஓரமாக ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் கையில் பெரிய ரோஜா மாலை. அக்குளில் காகிதம் சுற்றிய சட்டம்.

துக்க வீட்டுக்குப் போகிறவன் வாசலில் நின்று குரல் கொடுக்க மாட்டான். உள்ளே இருப்பவர்களும் ‘வாங்க’ என்று அழைக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் உள்ளே போய் மாலையைப் போட வேண்டும். வந்தவன் முறை தெரிந்தவனாக இருந்தான். அதுதான் வினையாயிற்று.

பந்தலைப் பார்த்தான், கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தான், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு நேரே உள்ளே வந்தான். பூக்கடைக்காரன் என்று அம்சவல்லி நினைத்தாள். பெண் வீட்டு ஆள் என்று இசக்கியம்மாள் நினைத்தாள். அவன் காகிதத்தைப் பிரித்து, சட்டத்தைக் குத்துவிளக்கின் பக்கத்தில் சுவரில் சாய்த்து, மாலையைப் போட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான். மாலையின் குஞ்சம் அரக்குப் பட்டின் மேல் கிடந்தது.

சட்டத்துக்குள் தணிகாசலம் இருந்தார். கறுப்புச் சாயம் பூசிய முடியும் முறுக்கு மீசையுமாக, இல்லத்துச் சுவரில் மாட்டுவதற்கென்று எப்போதோ ஆசையாக அனுப்பிய படம். கீழே ‘அமரர்’ என்று அச்சடித்திருந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் கதவிடுக்கில் நின்ற இசைவாணிதான். ஓடிப் போய் எடுத்திருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

வந்தவன் கூட்டத்தில் வயசான முகமாகத் தேடி, தணிகாசலத்தின் முன்னால் போய்க் குந்தினான்.

“ஐயா எப்பங்க தவறினாங்க?”

“எந்த ஐயா?”

“தணிகாசலம் ஐயாதான். என் பேரு மாரிசெல்வம், இல்லத்துலேருந்து வரேன். எங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவரு. நேர்ல போய் மாலை போட்டுட்டு வாடான்னு எங்க மேனேஜர் அனுப்பிச்சாரு. நீங்க அவருக்கு இன்னா ஒறவு?”

தணிகாசலம் படத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“ரொம்ப நெருங்கின ஒறவு” என்றார். “போயிட்டாருன்னு உனக்கு யாரு சொன்னது?”

“அவரு பொண்ணுதாங்க போன் பண்ணி சொல்லிச்சாம். பாவம், அழக்கூடத் தெம்பில்லாம பேசிச்சாம்.”

அம்சவல்லியின் கை தானாகத் தாலியைப் பிடித்தது. மாரிசெல்வம் மறுபடியும் ஒரு முறை படத்தைப் பார்த்தான், எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

“வாணி” என்று கூப்பிட்டார் தணிகாசலம். சத்தம் போடவில்லை. “வெளிய வா.”

வந்தாள்.

“நீ சொன்னியா?”

இல்லை என்றிருக்கலாம். தப்பான நம்பர், வேறு யாரோ என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஜமுக்காளத்தில் இருந்த அருள்பாண்டி கண்ணாலேயே கெஞ்சினான், சொல்லாதே என்று.

“ஆமா” என்றாள். “உயிரோட கீற வரைக்கும் பேரை எடுக்க மாட்டேன்னாங்க. அதான்.”

தணிகாசலம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவரோடு வாழ்ந்த காலத்தில் அந்தச் சிரிப்புக்குப் பிறகு நல்லது எதுவும் நடந்து அவள் பார்த்ததில்லை.

இசக்கியம்மாள் எழுந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டுப் பட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“குத்துக்கல்லாட்டம் இருக்க மனுசன செத்தாருங்கா. நாளைக்கி என்னய என்னன்னு சொல்லுவாளோ! ஏல, எந்திரி.”

“எம்மா, செத்த இரும்மா” என்று அருள்பாண்டி தட்டின் மறு ஓரத்தைப் பிடித்தான்.

“நீங்க உக்காருங்கம்மா” என்றார் தணிகாசலம், ரொம்ப மரியாதையாக. “உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. என் பொண்ணு சொன்னா சொன்னதுதான். நான் போயிட்டேன். போனவன் கை எப்பிடித் தாரை வார்க்கும்? சாவு வூட்ல வருஷம் திரும்பற வரைக்கும் நல்ல காரியமும் கெடையாது. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்பா…”

“அப்பாவா? யாரு?” என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “அம்சா. இன்னும் இன்னாத்துக்குத் தலையில பூவு? எடு.”

மகளை அடிக்க அவருக்குக் கிடைத்த தடி மனைவியின் கூந்தல். அத்தனை பேர் முன்னால், புதுப் புடவையும் கொத்து மல்லிகையுமாக நின்ற பெண்பிள்ளையை அப்படிச் சொல்ல வேறு எந்த மனிதனுக்கும் வாய் வராது.

“அம்மா, எடுக்காத! அம்மா!” என்று இசைவாணி அவள் கையைப் பிடித்தாள்.

அம்சவல்லி அந்தக் கையை உதறினாள். காலையில் மகள் வைத்துவிட்ட பூவை ஊசியோடு எடுத்தாள். சரத்தைச் சுருட்டிப் படத்தின் கீழே வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“சரி” என்றாள். “போயிட்டீங்க. போனவங்களுக்குப் பேச்சு கெடையாது. இனிமே இந்த வூட்ல நான் சொல்றதுதான்.”

தணிகாசலம் இதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தார்.

“பேசக்கூடாது” என்றாள் அம்சவல்லி. “சம்பந்தியம்மா, தகப்பன் இல்லாத பொண்ணு. நான்தான் குடுக்கணும். குடுக்கறேன். பூ வைங்க.”

“அம்மா” என்று இசைவாணி மறுபடி நெருங்கினாள்.

“கிட்ட வராத. வாயாலயே உங்கப்பன கொன்னவ நீ. என் தலை இப்பிடி நிக்கறதுக்கு அந்த ஆளு பாதி, நீ பாதி. உன்னக் கட்டிக் குடுக்கறேன், அது என் கடமை. அதுக்கப்புறம் என் மொகத்துல முழிக்காத.”

கூட்டத்தில் ஒரு கிழவி “முருகா” என்றாள். இசக்கியம்மாள் தட்டும் கையுமாக நிலைப்படி ஓரம் நின்றாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

“இந்தாங்க மைனி, நான் பட்டிக்காட்டுக்காரி, எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லுங்க. அவிய உசிரோட இருந்தா, அவிய வாயால சரின்னு சொல்லட்டும். இல்லேன்னா தாய் குடுக்கட்டும், வாங்கிக்கிடுதேன். ரெண்டுங்கெட்டான் வீட்ல நான் பூ வைக்க மாட்டேன்.”

வெயில் ஏறியிருந்தது. தணிகாசலத்துக்குத் தொண்டை வறண்டது போலிருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“அம்சா, தண்ணி.”

அம்சவல்லி உள்ளே போனாள். சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டிய கையைத் தாண்டி நடந்து, படத்தின் முன்னால் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்தா பாண்டுரங்கன் வர வேண்டும்?

“தணிகாசலம் ஐயா, தபாலு!”

ரப்பர் பேண்ட் போட்ட கட்டு அவன் கையில் இருந்தது. மேல் கவரில் ரெட்டைச் சடைச் சிறுமி உடைந்த பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தணிகாசலத்தின் கை முழங்காலை விட்டு எழுந்தது.

“அந்தப் பேர்ல இங்க ஆளு இல்ல” என்றாள் அம்சவல்லி. “திருப்பி அனுப்பிடு.”

“இன்னாம்மா வெளாட்டு இது? ஐயா அதோ உக்காந்துகினு கீறாரே!”

“உக்காந்துகினுதான் கீறாரு. ஆனா இல்ல. வேணும்னா அவரையே கேளு.”

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. தபால் கட்டை வாங்கினால் அவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருந்தால் இசக்கியம்மாள் முன்னால் சரி என்று சொல்லியாக வேண்டும். எழுந்த கை அந்தரத்தில் நின்றது. கண் அந்தச் சிறுமியை விட்டு நகரவில்லை. பிறகு கையை இறக்கி மறுபடி முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். பெற்ற பெண்ணுக்குச் சரி சொல்வதைவிட, கடிதத்தில் வந்த பெண்ணை இழப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இசைவாணி அந்தக் கை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தான். “நானா ஒண்ணும் எழுத முடியாதும்மா. ஆளு இல்லன்னா இல்லன்னு வூட்டாளு ஒருத்தரு சொல்லணும். அப்பத்தான் பெறுநர் காலமாயிட்டாருன்னு போட்டுத் திருப்ப முடியும். யாரு சொல்றது?”

“அதோ நிக்கறாளே, அவள கேளு” என்றாள் அம்சவல்லி. “மொதல்ல சொன்னவ அவதான். இன்னொரு வாட்டி சொல்லட்டும்.”

பாண்டுரங்கன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான். இசக்கியம்மாள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். மாரிசெல்வம் மாலையைப் பார்த்தபடி எச்சில் விழுங்கினான். அருள்பாண்டி தரையைப் பார்த்தான்.

கம்பெனி பஸ் வருகிற அவசரத்தில் எவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை! இப்போது அதையே அப்பாவின் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டும்.

“சொல்லும்மா” என்றான் பாண்டுரங்கன். “ஐயா கீறாரா, இல்லியா?”

தணிகாசலம் மெல்லத் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தது, அவள் பிறந்து இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.